வரையறுத்ததை நிரூபிக்க முடியுமா?

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்கள் ஓம் விதிச் சோதனையைச் செய்துகொண்டிருந்தனர். எல்லாக் கல்லூரிகளிலும் செய்யும் சோதனைதான். ஒரு கம்பிச் சுருள், ஒரு மின்கல அடுக்கு, ஓர் அம்மீட்டர், ஒரு வோல்ட்மீட்டர், ஒரு ரியோஸ்டாட். மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மின்னழுத்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து மின்தடையைக் கணக்கிட வேண்டும். 2 வோல்ட்டுக்கு 0.4 ஆம்பியர், 4 வோல்ட்டுக்கு 0.8 ஆம்பியர், 6 வோல்ட்டுக்கு 1.2 ஆம்பியர். எந்த வரியை வகுத்தாலும் 5 ஓம். "ஓம் விதி நிரூபிக்கப்பட்டது" என்று எழுதி மாணவர்கள் ரெக்கார்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

அன்று ஒரு மாணவர் மட்டும் சீக்கிரமே முடித்துவிட்டார். கம்பிச் சுருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 12 வோல்ட் கார் விளக்கு ஒன்றைப் பொருத்தி அளந்து பார்க்கச் சொன்னேன். அவருக்குக் கிடைத்த அளவுகள் ஏறத்தாழ இவை: 2 வோல்ட்டுக்கு 0.8 ஆம்பியர், 6 வோல்ட்டுக்கு 1.4 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர். வகுத்துப் பார்த்தால் மின்தடை முறையே 2.5 ஓம், 4.3 ஓம், 6 ஓம். விளக்கின் மின்னிழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடுகிறது. "ஆகவே, விளக்கின் மின்னிழை ஓம் விதிக்கு உட்படுவதில்லை" என்றேன்.

மாணவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சார், மின்னழுத்த வேறுபாடு என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது. இதுதானே ஓம் விதி? முதல் வரியில் 0.8-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 2 வருகிறது. கடைசி வரியில் 2-ஐ 6-ஆல் பெருக்கினால் 12 வருகிறது. எல்லா வரியிலும் சரியாக இருக்கிறதே! பிறகு எப்படி விளக்கு விதியை மீறியது என்கிறீர்கள்?"

பதில் சொல்ல வாயெடுத்தவன் சற்று நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது குதர்க்கம் அன்று. நான் மாணவனாக இருந்தபோது இதைக் கேட்கத் தோன்றாமலேயே எம்.எஸ்ஸி. வரை வந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், வரையறையால் உண்மையாகும் கூற்று எது, இயற்கையைக் கேட்டு அறிய வேண்டிய கூற்று எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகிறோம்.

இருவகைக் கூற்றுகள்

"தாய்மாமன்கள் அனைவரும் ஆண்கள்." இந்தக் கூற்றைச் சரிபார்க்க வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க வேண்டுமா? வேண்டாம். தாயின் உடன்பிறந்த ஆணையே நாம் தாய்மாமன் என்கிறோம். சொல்லின் பொருளிலேயே விடை அடங்கிவிட்டது. உலகம் எப்படி இருந்தாலும் இக்கூற்று பொய்யாகாது.

"தாய்மாமன்கள் அனைவரும் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவருவார்கள்." இது வேறு வகை. சொல்லின் பொருளை எவ்வளவு ஆராய்ந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஒரே ஒரு தாய்மாமன் வெறுங்கையோடு வந்தாலும் கூற்று பொய்யாகிவிடும்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1781ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தார். முதல் வகைக் கூற்று பொய்யாகவே முடியாது. ஆனால் உலகைப் பற்றி அது புதிதாக எதுவும் சொல்வதில்லை. ஒரு குழந்தைக்குத் தாய்மாமன் இருக்கிறாரா இல்லையா என்பதைக்கூட அது சொல்லாது. இரண்டாம் வகைக் கூற்று பொய்யாக முடியும்; அதனாலேயே அது உலகைப் பற்றிய செய்தி ஒன்றைத் தாங்கி நிற்கிறது.

முதல் வகைக் கூற்றுகளைப் பற்றிப் பொதுவாக இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. அவை யாருக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும் வெளிப்படை உண்மைகள் என்பது ஒன்று. அவற்றை நிரூபிக்க முடியும், அல்லது நிரூபிக்கவே தேவையில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வரையறையால் உண்மை என்றால் வெளிப்படையா?

இரண்டும் இரண்டும் நான்கு. இதைவிட வெளிப்படையான உண்மை வேறு இருக்க முடியுமா? ஆயினும் இதற்கும் நிரூபணம் எழுதிப் பார்த்தவர் உண்டு. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான லைப்னிட்ஸ்தான் அவர். அவர் வரையறைகளிலிருந்து தொடங்கினார். 2 என்பது 1+1. 3 என்பது 2+1. 4 என்பது 3+1. இனி நிரூபணம்:

2 + 2 = 2 + (1 + 1)
= (2 + 1) + 1
= 3 + 1
= 4

எல்லாம் வரையறையின்படியே நடந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் 1884ஆம் ஆண்டில் ஃபிரேகே என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் இதில் ஓர் ஓட்டை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குப் போகும்போது அடைப்புக்குறி இடம் மாறியிருக்கிறது. அப்படி மாற்றலாம் என்று 2, 3, 4 ஆகியவற்றின் வரையறைகளில் எங்கும் சொல்லப்படவில்லை. "அடைப்புக்குறிதானே, எங்கே போட்டால் என்ன?" என்று கேட்கலாம். கழித்தலில் போட்டுப் பாருங்கள். 9 − (4 − 2) என்றால் 7. (9 − 4) − 2 என்றால் 3. ஆகவே கூட்டலில் அடைப்புக்குறியை மாற்றலாம் என்பதற்குத் தனியே ஓர் ஆதாரம் வேண்டும். கூட்டல் என்றால் என்ன என்பதையும் வரையறுத்தால்தான் அந்த ஆதாரம் கிடைக்கும். அதைச் செய்த பின்னரே நிரூபணம் முழுமை பெறுகிறது.

லைப்னிட்ஸ் போன்ற மேதையின் கண்ணுக்கே தப்பிய ஒரு படி, "இரண்டும் இரண்டும் நான்கு" என்ற கூற்றினுள் ஒளிந்திருந்தது! பின்னர் ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் கணிதம் முழுவதையும் தருக்க அடிப்படையிலிருந்து எழுப்ப முயன்று, 1910ஆம் ஆண்டில் தங்கள் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்டனர். அதில் முந்நூறு பக்கங்களுக்கு மேல் கடந்த பிறகே "ஒன்றும் ஒன்றும் இரண்டு" என்பதற்கு வழி செய்யும் தேற்றம் வருகிறது.

மாணவர்களுக்குப் பழக்கமான மற்றோர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 0.999... என்று முடிவில்லாமல் 9 தொடரும் தசம எண் 1-க்குச் சமம். இதை வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. "கொஞ்சமாவது குறையும் சார்" என்பார்கள். 0.9 என்பது ஒன்றைவிட 0.1 குறைவு; 0.99 என்பது 0.01 குறைவு; 0.999 என்பது 0.001 குறைவு. எங்கே நிறுத்தினாலும் குறைவுதான். ஆனால் நாம் எங்கும் நிறுத்தவில்லை. முடிவில்லாத் தசம எண்ணின் மதிப்பு என்பதற்குக் கணிதம் தரும் வரையறை இது: இந்த வரிசை எந்த எண்ணை, நாம் விரும்பும் அளவுக்கு நெருங்கிக்கொண்டே போகிறதோ, அந்த எண்ணே அதன் மதிப்பு. இந்த வரிசை நெருங்கும் எண் 1. ஆகவே வரையறையின்படி 0.999... என்பதும் 1 என்பதும் ஒன்றே. வரையறையால் உண்மை, ஆனால் வெளிப்படை உண்மை அன்று.

இதற்கு மறுதலையும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில், ஒருவர் ரயில் ஓடும் திசையிலேயே மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், தரையில் நிற்பவருக்கு அவருடைய வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் கொள்கையின்படி இது மிக மிக நெருங்கிய தோராயம் மட்டுமே. ரயில் வேகத்தில் வேறுபாடு தெரியாது. ஒளியின் வேகத்தை நெருங்கும் துகள்களில் நன்றாகவே தெரியும்.

ஆகவே, வெளிப்படையாகத் தோன்றுவது என்பது பார்ப்பவரின் பழக்கத்தையும் பயிற்சியையும் பொறுத்தது. வரையறையால் உண்மையாவது என்பது அக்கூற்று எங்கிருந்து தன் உண்மையைப் பெறுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நிரூபிக்க முடியுமா?

"நிரூபித்தல்" என்ற சொல்லை நாம் இரு பொருளில் பயன்படுத்துகிறோம். கணித வகுப்பில் நிரூபித்தல் என்றால், ஏற்றுக்கொண்ட வரையறைகளிலிருந்து படிப்படியாக ஒரு முடிவை அடைதல். ஆய்வகத்தில் நிரூபித்தல் என்றால், சோதனை செய்து பார்த்து உறுதிப்படுத்தல்.

முதற்பொருளில், வரையறையால் உண்மையாகும் கூற்றை நிரூபிக்க முடியும். சில சமயம் ஒரே வரியில் முடிந்துவிடும். சில சமயம் முந்நூறு பக்கம் ஆகும். ஆனால் இரண்டாம் பொருளில் அதை நிரூபிக்க முடியாது. எந்தச் சோதனையாலும் அதைப் பொய்யாக்க முடியாது என்கிறபோது, எந்தச் சோதனையாலும் அதற்கு வலுவூட்டவும் முடியாது அன்றோ? ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பதை மீட்டர் கோலால் அளந்து உறுதிசெய்ய முற்படுவது போன்றது அது. அளவு 99 என்று வந்தால் நாம் கோலைத்தான் சந்தேகிப்போம்.

சரி, வரையறையிலிருந்து வரும் முடிவை நிரூபிக்கலாம். வரையறையையே நிரூபிக்க முடியுமா? முடியாது. அது நாம் எடுக்கும் முடிவு. ஆனால் முடிவு என்பதால் மனம் போனபடி எடுக்கலாம் என்று பொருள் இல்லை. 1 என்பது பகா எண்ணா? இன்று எந்தப் பாடநூலைப் பார்த்தாலும் "இல்லை" என்றுதான் இருக்கும். ஆனால் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் 1914இல் வெளியிட்ட புகழ்பெற்ற பகா எண் பட்டியலில் முதல் எண்ணாக இருப்பது 1! அவர் தவறு செய்துவிடவில்லை. அவர் கொண்ட வரையறை வேறு. இன்றைய வரையறை 1-ஐ விலக்குவதற்குக் காரணம் உண்டு. எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்பது எண் கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். 6 என்றால் 2 × 3. 1-ஐயும் பகா எண்ணாகக் கொண்டால் 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று எத்தனை வழிகளில் வேண்டுமானாலும் எழுதலாம்; தேற்றத்தைச் சொல்லும்போதெல்லாம் "1 நீங்கலாக" என்று சேர்க்க வேண்டிவரும். ஆகவே வரையறையைப் பார்த்து "இது மெய்யா, பொய்யா?" என்று கேட்பதைவிட, "இது பயன் தருகிறதா, குழப்பம் தருகிறதா?" என்று கேட்பதே பொருந்தும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் கதை

இதுவரை கணிதத்தைப் பார்த்தோம். இயற்பியலில் கதை இன்னும் சுவையானது. இங்கே ஒரே கூற்று ஒரு காலத்தில் வரையறையாக இருந்து, பின்னர் அளந்து அறிய வேண்டிய செய்தியாக மாறிவிடுகிறது.

"ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம்" என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1901ஆம் ஆண்டில், எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு லிட்டரை இப்படித்தான் வரையறுத்தது: பெரும அடர்த்தியில், அதாவது ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு கிலோகிராம் தூய நீர் அடைத்துக்கொள்ளும் பருமனே ஒரு லிட்டர். அப்போது இக்கூற்று வரையறையால் உண்மை. தராசைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை.

1964ஆம் ஆண்டில் அந்த வரையறை கைவிடப்பட்டது. பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கொண்ட கன சதுரத்தின் பருமனே, அதாவது 1000 கன சென்டிமீட்டரே, லிட்டர் என்று ஆயிற்று. அன்று முதல் "ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம்" என்பது அளந்து பார்க்க வேண்டிய செய்தி. அளந்தால், 4 டிகிரியில் ஒரு லிட்டர் தூய நீரின் நிறை 0.999972 கிலோகிராம். 28 மில்லிகிராம் குறைகிறது! தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை. நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது. நேற்று நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்த கூற்று இன்று சற்றே பிழையானது.

கிலோகிராமின் கதை இதையும் மிஞ்சியது. 1889ஆம் ஆண்டு முதல், பாரிஸ் நகருக்கு அருகில் அனைத்துலக எடை, அளவை நிலையத்தில் பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை ஒன்றின் நிறையே ஒரு கிலோகிராம் எனக் கொள்ளப்பட்டது. அதன் படிகள் பல நாடுகளுக்கும் வழங்கப்பட்டன. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள இந்தியாவின் படி 57ஆம் எண் கொண்டது. 1988ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த சரிபார்ப்பில் படிகள் பலவற்றை மூல உருளையோடு ஒப்பிட்டனர். ஏறத்தாழ நூறாண்டுகளில் படிகளுக்கும் மூலத்துக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தோன்றியிருந்தது. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு.

படிகள் கனத்தனவா, மூல உருளை இளைத்ததா? மூல உருளை இளைத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படிச் சொல்ல வரையறை இடம் கொடுக்காது. அந்த உருளை எப்படி மாறினாலும் அதன் நிறை சரியாக ஒரு கிலோகிராம்தான். உண்மையில் அதிலிருந்து சில அணுக்கள் உதிர்ந்திருந்தால், உலகில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் ஒரே நேரத்தில் கனத்துவிட்டன என்றே சொல்ல வேண்டியிருக்கும்! தருக்கப்படி இதில் தவறில்லை. நடைமுறையில் இதை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. வரையறையை யாரும் பொய்யென்று காட்டவில்லை. ஆனால் அது பயன் தருவதை நிறுத்திவிட்டது. ஆகவே 2019 மே 20 முதல் அது மாற்றப்பட்டது. இப்போது பிளாங்க் மாறிலியின் மதிப்பை ஓர் எண்ணாக நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறோம். அந்தப் பழைய உருளையின் நிறை எவ்வளவு என்பதை இனி மற்றப் பொருள்களைப் போலவே அளந்துதான் சொல்ல வேண்டும்.

ஒளியின் வேகம்

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. அளந்து கண்ட செய்தி ஒன்று வரையறையாக உயர்வது. ஒளியின் வேகமே இதற்குச் சிறந்த சான்று.

ஒளி பரவுவதற்கு நேரம் ஆகிறது என்பதை 1676ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு வானியலார் ரோமர், வியாழனின் துணைக்கோள் ஒன்றின் மறைவுகளைக் கொண்டு காட்டினார். அது முதல் மூன்று நூற்றாண்டுகள் அறிஞர்கள் அந்த வேகத்தை மேலும் மேலும் நுட்பமாக அளந்தனர். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியைக் கொண்டு அளந்தபோது விநாடிக்கு 29,97,92,456.2 மீட்டர் என்று கிடைத்தது. பிழை ஏறத்தாழ 1.1 மீட்டர்தான். அதற்குமேல் நுட்பமாக அளக்கத் தடையாக இருந்தது ஒளி அன்று, மீட்டர்தான்! 1960ஆம் ஆண்டு முதல் கிரிப்டான் அணு உமிழும் ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் சேர்ந்ததே மீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த ஒளிக்கோட்டின் தெளிவு லேசர் அளவீட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை.

எனவே 1983ஆம் ஆண்டில் பொது மாநாடு கணக்கைத் திருப்பிப் போட்டது. வெற்றிடத்தில் ஒளி, ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர். அன்று முதல் ஒளியின் வேகம் விநாடிக்குச் சரியாக 29,97,92,458 மீட்டர். பிழையே கிடையாது. இன்று யாராவது ஒளியின் வேகத்தை அளக்கப் புறப்பட்டு வேறு விடை பெற்றால், அவருடைய மீட்டர் கோலோ கடிகாரமோ சரியில்லை என்றுதான் பொருள்.

இதைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றம் தோன்றும். "இயற்கையின் பேருண்மை என்று நினைத்தோமே, மாநாட்டில் கைதூக்கி முடிவு செய்ததுதானா?" என்று கேட்பார்கள். இல்லை. அந்த எண்தான் மாநாட்டின் முடிவு. ஒளி எல்லாத் திசைகளிலும் ஒரே வேகத்தில் செல்கிறது, அதன் மூலம் எவ்வளவு விரைவாக நகர்ந்தாலும் அந்த வேகம் மாறுவதில்லை என்பவை இயற்கை தந்த செய்திகள். 1887ஆம் ஆண்டில் மைக்கெல்சனும் மார்லியும் செய்த சோதனை முதல் இன்றுவரை நடந்த சோதனைகள் இவற்றுக்குச் சான்று. இயற்கை வேறு விதமாக இருந்திருந்தால், கிழக்கு நோக்கி அளந்த மீட்டரும் வடக்கு நோக்கி அளந்த மீட்டரும் ஒத்துப்போயிருக்கமாட்டா. இந்த வரையறை பயனற்றுப் போயிருக்கும். நல்ல வரையறைக்கு அடியில் இப்படி ஒரு சோதனை உண்மை அடித்தளமாக இருக்கிறது. வரையறையை மாற்றினால் அந்தச் சோதனை உண்மை மறைந்துவிடாது. வேறோர் இடத்தில் தலைகாட்டும்.

நியூட்டன் விதி எந்த வகை?

"விசை = நிறை × முடுக்கம்" என்பது வரையறையா, விதியா? இதைப் பற்றி அறிஞர்களே வாதிட்டிருக்கிறார்கள். விசையை அளக்க நிறையும் முடுக்கமும் வேண்டும், நிறையை அளக்க விசையும் முடுக்கமும் வேண்டும் என்றால், இது வட்டமாகச் சுற்றுகிறதே என்று தோன்றும்.

உராய்வு மிகக் குறைந்த மேசையில் ஒரு சோதனை செய்வதாகக் கொள்வோம். ஒரு சுருள்வில்லை எப்போதும் ஒரே அளவுக்கு நீட்டி, அதைக் கொண்டு ஒரு வண்டியை இழுக்கிறோம். முடுக்கம், விநாடிக்கு விநாடி 6 மீட்டர். அதே நீட்சியில் இரண்டாவது வண்டியை இழுத்தால் விநாடிக்கு விநாடி 3 மீட்டர். ஆகவே இரண்டாவது வண்டியின் நிறை முதல் வண்டியைப் போல் இருமடங்கு என்று சொல்கிறோம். இதுவரை எல்லாம் வரையறையே. இப்போது இரண்டு வண்டிகளையும் சேர்த்துக் கட்டி, அதே நீட்சியில் இழுத்தால் என்ன ஆகும்? மொத்த நிறை முதல் வண்டியைப் போல் மும்மடங்கு. ஆகவே முடுக்கம் 6-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 ஆக இருக்க வேண்டும். இதை எந்த வரையறையும் உறுதி செய்யவில்லை. விடை 2 என்று வரலாம், வேறாகவும் வந்திருக்கலாம். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2 என்றே வருகிறது. அந்த இடத்தில்தான் இயற்கை நம்மோடு பேசுகிறது.

மாணவருக்குச் சொன்ன விடை

இனி ஆய்வகத்துக்குத் திரும்புவோம். மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவதையே மின்தடை என்கிறோம். அப்படியிருக்க, மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் மின்னழுத்த வேறுபாடு கிடைப்பதில் வியப்பு என்ன? வகுத்ததை மீண்டும் பெருக்கினோம்; அவ்வளவுதான். கம்பிச் சுருளானாலும், கார் விளக்கானாலும், உப்புநீரானாலும் அது பொய்யாகாது. ஆகவே அது ஓம் விதி அன்று, மின்தடையின் வரையறை.

ஓம் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட கண்டுபிடிப்பு வேறு. வெப்பநிலை முதலிய நிலைமைகள் மாறாதிருந்தால், ஓர் உலோகக் கம்பியில் அந்த விகிதம் மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும் மாறாமல் இருக்கிறது என்பதே அது. "மாறாமல் இருக்கிறது" என்ற இரண்டு சொற்களில்தான் விதி இருக்கிறது. அந்தச் சொற்களை விட்டுவிட்டுச் சமன்பாட்டை மட்டும் எழுதினால் எஞ்சுவது வரையறை மட்டுமே. கம்பிச் சுருளில் 5, 5, 5 என்று வந்தது இயற்கை தந்த பதில். விளக்கில் 2.5, 4.3, 6 என்று வந்ததும் இயற்கை தந்த பதிலே. மின்னோட்டம் மின்னிழையைச் சூடாக்கியது, விகிதம் மாறியது. இருவித விடைக்கும் இடம் இருந்தது. அதனால்தான் சோதனை செய்வதற்குப் பொருள் இருந்தது.

இதைச் சொன்னபோது அந்த மாணவர் கேட்டார்: "அப்படியென்றால், பரீட்சையில் நாங்கள் எல்லோரும் எழுதுகிற ஓம் விதி...?" பெருக்கல் சமன்பாட்டை மட்டும் எழுதினாலும் பெரும்பாலும் மதிப்பெண் கிடைத்துவிடும் என்பதை ஒப்புக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும்போது நானும் அப்படி மதிப்பெண் போட்டிருக்கிறேன். அப்படி எழுதிப் பழகிய மாணவர், பிற்காலத்தில் டையோடையோ மின்விளக்கையோ அளந்து வேறுபட்ட எண்களைக் காணும்போது, கருவி கெட்டுவிட்டது என்று எண்ணி எண்களைத் திருத்திவிட வாய்ப்பு உண்டு. இயற்கை சொன்ன பதிலை அழித்துவிட்டு, தாம் வரையறுத்ததையே திரும்ப எழுதிவிடுவார். இழப்பு மதிப்பெண்ணில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

ஆகவே பாடநூலில் எந்தச் சமன்பாட்டைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒரு சோதனையில் இது பொய்யாக வர முடியுமா? முடியும் என்றால், அப்போது நம் கண்ணுக்கு என்ன தெரியும்? முடியாது என்றால், இதை யார், என்ன பயன் கருதி இப்படி வகுத்தார்கள்? திசைவேகம், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன், ஊக்கின் விதி, பாயிலின் விதி என்று உங்கள் புத்தகத்தில் உள்ளவற்றை இந்தக் கேள்விகளோடு வரிசையாகப் பாருங்கள். எவை நாம் வகுத்தவை, எவை இயற்கை சொன்னவை என்பது ஓரளவு பிரிந்து தெரியும். சிலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். அவற்றை நண்பர்களோடு வாதிட்டுத் தெளிவடையலாம்.

அந்த மாணவர் தம் ரெக்கார்டு நோட்டில் "ஓம் விதி நிரூபிக்கப்பட்டது" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "2 முதல் 6 வோல்ட் வரை இந்தக் கம்பிச் சுருளின் மின்தடை மாறவில்லை; விளக்கின் மின்தடை மாறியது" என்று எழுதிக் கொண்டுவந்தார். கையெழுத்திட்டேன்.